அவளுக்குக் கொடுக்காத சீட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வாதம் என்று வந்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். இந்த இரண்டும் உள்ள ஆளிடம் எந்த அதிகாரத்தையும் கொடுக்கக் கூடாது. எனக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாள் துண்டு, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நான் செய்ததை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் மனம் ஆறும் என்கிறார்கள். ஆறாது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே மலைச்சரிவில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே பள்ளிக்கூடத்து வாத்தியாரும் நான்தான், கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு உபதேசியாரும் நான்தான். திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். அந்தப் பக்கத்து மலைகள் முழுவதற்கும் பதுளையில் இருந்த ஒரே வெள்ளைக்காரச் சாமியார்தான் பொறுப்பு. எங்கள் முறை நாலு மாதத்துக்கு ஒரு தடவை வரும். விடியும்போது வருவார். பாவசங்கீர்த்தனம் கேட்பார், பூசை வைப்பார், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார், மத்தியானம் அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்.

அரைநாளில் அத்தனை பேரும் முழங்காலில் நின்று பாவத்தைச் சொல்லி முடிக்க முடியுமா? அதற்காக வந்ததுதான் சீட்டு. சாமியார் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கடைசிக் காம்பராவில் நாங்கள் கோயிலாக வைத்திருந்த அறையில், நான் ஒவ்வொருவரையும் நிறுத்தி ஜெப மந்திரங்களைக் கேட்பேன். சரியாக ஒப்பித்தவர்களுக்கு ஒரு சீட்டு. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் தாளைச் சதுரமாக நறுக்கி, சிவப்பு மையில் சிலுவை போட்டு வைத்திருப்பேன். அந்தச் சீட்டை நீட்டினால்தான் சாமியார் காது கொடுப்பார். சீட்டு இல்லாதவர்கள் பூசையை மட்டும் பார்த்துவிட்டு வேலைக்குப் போகவேண்டியதுதான்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்தது நான் இல்லை. ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர், புரொட்டஸ்டண்டு. நல்ல மனிதர். கறுப்பு அட்டை போட்ட வேதாகமம் ஒன்று வைத்திருப்பார். மருந்துக் குப்பிகளைவிட அதைத்தான் அடிக்கடி துடைப்பார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஆஸ்பத்திரி விறாந்தைக்குப் போய்விடுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் வாதம்தான் வெற்றிலை பாக்கு. வாதம் எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும்.

“வாத்தியார், பாவத்தைச் சாமியாரிட்டச் சொல்லவேணும் எண்டு வேதத்தில எங்க கிடக்கு? காட்டும் பாப்பம்.”

நான் காட்டுவேன். உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷர்கள் மேல் ஊதி, நீங்கள் எவர்களுடைய பாவத்தை மன்னிக்கிறீர்களோ அது மன்னிக்கப்படும், எவர்களுடைய பாவத்தை மன்னிக்காமல் நிறுத்துகிறீர்களோ அது நின்றுபோகும் என்று சொன்ன இடத்தை எடுத்துப் போடுவேன். யோவான் எழுதின சுவிசேஷத்தில் இருக்கிறது. “மன்னிக்கிறதா நிறுத்துறதான்னு முடிவு பண்ணணும்னா, முதல்ல காதால கேக்கணுமா இல்லையா? சொல்லாம எப்படிங்க கேப்பாரு?” என்பேன்.

அவர் சிரிப்பார். “அது சுவிசேஷம் சொல்லப் போறவைக்குக் குடுத்த கட்டளை. காதில பாவம் கேக்கிற கதை அதில இல்லை. தாவீது ராசா ஆரிட்டச் சொன்னவர்? நேர கர்த்தரிட்ட. எங்களுக்கும் அவருக்கும் நடுவில ஒரே ஒரு மத்தியஸ்தர்தான், அது கிறிஸ்து.”

அப்புறம் யாகோபு நிருபத்துக்கு வருவோம். அங்கே ஒருவருக்கொருவர் குற்றங்களைச் சொல்லிக்கொள்ளுங்கள் என்றுதான் இருக்கிறது, குருவிடம் சொல் என்று இல்லை என்பார் அவர். அதற்கு இரண்டு வரி மேலே பாரும், வியாதிக்காரன் சபைப் பெரியவர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும், அவன் பாவம் மன்னிக்கப்படும் என்று இருக்கிறதே என்பேன் நான். ஒருநாளும் முடிந்ததில்லை. அவர் ஜெயித்த நாள் எனக்குச் சாப்பாடு இறங்காது.

என் மனைவி கொழுந்து பறிக்கிறவள். எழுத்து வாசனை கிடையாது. வாயாடி. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தால் பார்த்தவுடனே சொல்லிவிடுவாள்: “இன்னைக்கு யாழ்ப்பாணத்தாரு செயிச்சிட்டாரா? சரி சரி, கஞ்சியைக் குடிங்க. வேதம் எங்கயும் ஓடிப்போயிடாது.”

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, டிஸ்பென்சர் என்னைச் சுருக்கென்று குத்திவிட்டார். “நீர் ஒருத்தர்தான் வாசிக்கிறீர். உங்கட சனத்துக்கு ஒண்டும் விளங்காது. கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லுதுகள். அதுவும் அரைகுறை. உமக்குத் தெரிஞ்ச ஆக்களெண்டா அரைகுறைக்கும் சீட்டுக் குடுப்பீர்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நாளைக்குக் காலையில மந்திரம் கேக்குறப்ப வந்து நேர்ல பாருங்க ஐயா,” என்றேன். வாயைக் கொடுத்தேன். வினை அங்கேதான் பிடித்தது.

மறுநாள் அவர் வந்தார். கதவுக்கு வெளியே குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் அன்றைக்குப் போட்ட அதட்டல் இன்னும் எனக்குக் கேட்கிறது. ஒரு சொல் தப்பினால் திரும்பச் சொல்லவைத்தேன். இரண்டு தரம் தப்பினால் ஓரமாக நிற்கச் சொன்னேன். ஓரத்தில் நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவரும் எனக்குச் சொந்தமோ நெருக்கமோ இல்லை. அதைக் கவனித்துவிட்டு டிஸ்பென்சர் லேசாகப் புன்னகைத்தார்.

அப்போதுதான் என் மனைவியின் முறை வந்தது. பரலோக மந்திரம் சொன்னாள், பிரியதத்த மந்திரம் சொன்னாள். பாவத்துக்கு வருந்திச் சொல்கிற மனஸ்தாப மந்திரத்தில் பாதிவரை நன்றாக வந்தாள். இனி ஒருபோதும் பாவம் செய்வதில்லை என்று வாக்குக் கொடுக்கிற இடத்தில் நின்றுவிட்டாள். உதட்டை நனைத்துக்கொண்டாள். திரும்ப ஆரம்பித்தாள். திரும்பவும் அதே இடம். பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். வீட்டில் பார்க்கிற பார்வை அது: இன்றைக்கு விட்டுவிடுங்களேன்.

நான் கதவைப் பார்த்தேன். டிஸ்பென்சர் புருவத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

“ஓரமாப் போய் நில்லு. பாடம் பண்ணிட்டு அடுத்த தடவை வா,” என்றேன்.

“ஏங்க...” என்றாள்.

“இங்க நான் உன் புருசன் இல்ல. உபதேசியார். போ.”

சிரிப்பு நின்றது. அவள் போய் ஓரமாக நின்றாள். டிஸ்பென்சர் தலையை ஆட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு நெஞ்சு விரிந்தது. சொந்தப் பெண்டாட்டியைக்கூட விடாத மனிதன் என்று ஊர் பேசும் என நினைத்தேன். பேசினார்கள்.

அன்றைக்கு அடுப்படியில் அவள் ஒரு வார்த்தை மட்டும்தான் கேட்டாள். “நீங்க அடுத்த தடவைன்னு சொன்னீங்களே, நாலு மாசம் ஆகுமா?”

“ஆமாம். என்ன இப்ப? மந்திரத்தைப் படி, சரியாப் போகும்.”

“இந்தத் தடவை சாமிகிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்,” என்றாள்.  என்னவென்று நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாமியார் வந்தார். அவள் பின்வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பூசை பார்த்தாள். மற்றவர்கள் எழுந்து போய் நன்மை அப்பம் வாங்கினபோது உட்கார்ந்தே இருந்தாள். சாமியார் கிளம்பும்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளை நிறுத்திக் கேட்டிருப்பார். நான் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே ரோடு வரை போய் வழியனுப்பினேன்.

மூன்று வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே கொழுந்து பறித்தவளுக்குக் காய்ச்சல். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். நாலாம் நாள் நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டிஸ்பென்சர் ஒரு நாளைக்கு மூன்று தரம் எங்கள் காம்பராவுக்கே வந்தார். ஐந்தாம் நாள் காலையில் என்னை வெளியே அழைத்து, “வாத்தியார், ஆயத்தமாய் இரும்,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

உள்ளே வந்தேன். அவளுக்கு என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. “சாமியைக் கூட்டியாங்க,” என்றாள். “நான் சொல்லியே ஆகணும்ங்க.”

தோட்டத்துத் துரையிடம் லீவு கேட்டுக்கொண்டு நடந்தேன். பதுளைக்குப் பன்னிரண்டு மைல் இருக்கும். பாதை முழுக்கச் சேறு. வழியெல்லாம் எனக்கு அந்த யாகோபு நிருபம்தான். வியாதிக்காரன் அழைக்கட்டும், அழைக்கட்டும். எத்தனை தரம் அதை விரலை வைத்துக் காட்டியிருக்கிறேன்! அழைத்தால் வருகிற தூரத்தில் ஆள் இருக்கவேண்டும் என்று அந்த விறாந்தையில் ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். கோயில் வீட்டுச் சமையற்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “சாமி காலையிலதான் வெலிமடைக்குப் போனாருங்க. அங்கிட்டிருந்து அப்புத்தளை. திரும்ப சனிக்கிழமை ஆகும்.” அன்றைக்குப் புதன்கிழமை. விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவர் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் திரும்பினேன். சாமியார் போன வழியில் ஓடிப் பிடிக்கலாமா என்று பாதை பிரிகிற ஹாலி எல வரை யோசித்துக்கொண்டே வந்தேன். பிடிக்கப் போனால் அவள் தனியாகச் செத்துப்போவாள் என்று பயம். வீட்டுக்கே திரும்பினேன். அது சரியா தவறா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நான் இல்லாத நேரத்தில் டிஸ்பென்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசித்திருக்கிறார். பிற்பாடு அவரே சொன்னார். “பிள்ளை, நேர கர்த்தரிட்டச் சொல்லும். ஆரும் நடுவில தேவையில்லை. விசுவாசம் காணும்,” என்றாராம்.

அவள் சொன்னாளாம்: “சொல்லிட்டேங்க ஐயா. நெறைய நாளாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆண்டவரு ஒண்ணும் பேசலைங்களே. சாமியாருன்னா, சரி பொறுத்தாச்சு போன்னு வாயைத் தொறந்து சொல்லுவாரு.”

 இத்தனை வருஷமாக நான் அவருக்குச் சொன்ன வாதத்தில் எதுவும் இதற்குக் கிட்டே வராது.

நான் வந்து சேர்ந்தபோது சாயங்காலக் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற என்னை அவள் ஏறிட்டுப் பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை என்று கண்டுகொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோற்ற வாதக்காரன் மாதிரி எதிராளியின் வசனத்தையே பிடித்துக்கொண்டேன். “ஒருத்தருக்கொருத்தர் குத்தத்தைச் சொல்லிக்கலாம்னு வேதத்துலயே இருக்கு புள்ள. என்கிட்டச் சொல்லு. நான் மன்னிச்சேன்னு சொல்றேன். சாமி வந்ததும் அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

தலையை அசைத்தாள். இல்லை என்று. “உங்ககிட்டச் சொல்ல முடியாதுங்க. அதுக்குத்தானே சாமி.”

“என்னதான் சொல்லு, எனக்குக் கோபம் வராது.”

லேசாகச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. “உங்களுக்கா?” என்றாள்.

 பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, “மந்திரம் இப்ப எனக்கு வருது. சொல்லட்டுங்களா?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள். மூச்சு வாங்கி வாங்கி, மனஸ்தாப மந்திரம். நின்றுபோன இடம் வந்தது. நான் என்னை அறியாமல் முன்னால் குனிந்தேன். தாண்டிவிட்டாள். இனி ஒருபோதும் செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்து, கடைசி ஆமென் வரை ஒரு சொல் தப்பாமல் சொல்லி முடித்தாள்.

முடித்துவிட்டுக் கேட்டாள்: “இப்ப சீட்டுக் குடுப்பீங்களா?”

நான் எழுந்து போனேன். மேசையில் நறுக்கின தாள் மீதி இருந்தது. ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தேன்.  அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.  மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டுக்குத் தப்புப் பறை அடிக்கிற நேரத்தில் மூச்சு நின்றது. சீட்டு கையிலேயே இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறதற்குத்தான் ஆள் இல்லை.

சனிக்கிழமை இரவே செய்தி கேட்டுச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தார். தேயிலைக்குக் கீழே, ஓடைப்பக்கம், புதைத்த மேட்டில் தீர்த்தம் தெளித்தார். நான் அவரை விடவில்லை. கடைசி நேரத்தைச் சொல்லி, அவள் கதி என்ன என்று கேட்டேன்.

“மகனே,” என்றார் அவர், புத்தகத்தில் படித்த தமிழில், “குருவானவர் கிடையாத இடத்திலே, உத்தம மனஸ்தாபம் உண்டானால், சர்வேசுரன் பாவத்தைப் பொறுத்தருளுவார். அவள் மனஸ்தாப மந்திரம் சொன்னாள் அல்லவா? நீர் கலங்க வேண்டாம்.”

“சொன்னா சாமி. ஆனா எதுக்குச் சொன்னா?”

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவள் அதைச் சர்வேசுரனிடம் சொன்னாளா, இல்லை, என்னிடம் பாடம் ஒப்பித்தாளா? பரீட்சை வைத்தது நான். நெஞ்சிலிருந்து வரவேண்டிய ஒரே மந்திரத்தை வாய்ப்பாடு மாதிரி ஆக்கி வைத்தது நான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நின்றுபோனது மறதியினாலா, அந்த வாக்கை மனசாரக் கொடுக்க முடியாமலா? கடைசி நாள் அவள் அதைத் தாண்டினது மனம் திரும்பியா, சீட்டுக்காகவா? பொய்யாகச் சொல்கிறவளாக இருந்திருந்தால் அன்றைக்கே கடகடவென்று ஒப்பித்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போயிருப்பாள். இந்த யோசனையில் சில நாள் கொஞ்சம் தெம்பு வரும். மறுநாள் போய்விடும்.

சாமியார் முன்னாலேயே அந்த மண்ணில் முழங்கால் போட்டு என் பாவத்தைச் சொன்னேன். வாதத்துக்காகவும் வீம்புக்காகவும் ஒரு ஆத்துமாவை மறித்தேன் என்று சொன்னேன். அவர் கேட்டார், கையை உயர்த்தினார், லத்தீனில் பாவவிமோசனம் சொன்னார். அபராதம் ஐந்து பரலோக மந்திரம். லயத்து வாசலுக்கு வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். என்னிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. உபதேசியாருக்குச் சீட்டு வேண்டியதில்லை.

அடுத்த தடவையிலிருந்து நான் யாரையும் மந்திரம் கேட்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் சீட்டை வாரிக் கொடுத்தேன். நேரம் போதவில்லை என்று சாமியார் கோபித்தார். உபதேசியார் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் மறுபடி மந்திரம் கேட்க ஆரம்பித்தார். அவர் முன்னால் சனங்கள் கை கட்டி நிற்பதைப் பள்ளிக்கூட ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வேண்டாமென்று நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

சில வருஷம் கழித்து டிஸ்பென்சர் வேலையிலிருந்து நின்று யாழ்ப்பாணம் போகிற நாள் வந்தது. பழைய விறாந்தையில் உட்கார்ந்திருந்தோம். அவளைப் பற்றி அவர் பேச்செடுப்பதே இல்லை. அன்றைக்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே, பழைய நாள் மாதிரிப் பேசிப் பார்ப்போம் என்று நினைத்தாரோ என்னவோ, கேட்டார்:

“அப்ப வாத்தியார், எங்கட வழக்கு முடியாமலே போகுது. மனுசருக்கு அந்த அதிகாரம் வேதத்தில இருக்கோ இல்லையோ?”

நான் சொன்னேன்: “மன்னிக்கிற அதிகாரம் இருக்கான்னு எனக்கு இன்னும் தெரியலைங்க ஐயா. மன்னிக்காம நிறுத்துற அதிகாரம் இருக்கு. நானே நிறுத்தியிருக்கேன். அது நின்னுபோச்சு.”